தலைவர் கையெழுத்து

குயிலம்பாக்கம்
9.6.2025

துளசிக்கு,

நீ உள்ளே போய் இன்றோடு ஒரு வாரம். நேரில் வரவில்லை என்று வருத்தப்படாதே. சிறை வாசலில் நான் நிற்பதை எவனாவது படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால், அதுவே ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும். அதனால் வக்கீல் திருஞானசம்பந்தம் சாரின் ஜூனியர் தீபிகாவிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். கேஸ் பேப்பர்களோடு உள்ளே வந்துவிடும். பதிலையும் அவளிடமே கொடு.

ஜாமீன் மனு தள்ளுபடியானதும் நீ அழுதாய் என்று தீபிகா சொன்னாள். அழுதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. நிலைமையைப் புரிந்துகொள். மே இருபதாம் தேதி முனிசாமி பிளீச்சிங் பவுடர் போடத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினான். பாதியில் ஏணி பெயர்ந்தது, விழுந்தான், செத்தான். குடித்துவிட்டு ஏறினான் என்று சொல்ல நாலு பேரைத் தயார் செய்து வைத்திருந்தேன். போஸ்ட்மார்ட்டத்தில் அப்படி எதுவும் இல்லை என்று வந்துவிட்டது. இனி அந்த வழி இல்லை.

தொட்டி ரிப்பேர் வேலை முடிந்தது என்று மார்ச்சில் கொடுத்த சான்றில் இருப்பது உன் கையெழுத்து. ஊராட்சித் தலைவர் நீ. சட்டத்துக்கு முன்னால் நான் யார்? தலைவரின் வீட்டுக்காரன், அவ்வளவுதான். போலீஸ் மறுபடி விசாரிக்க வருவார்கள். ரிப்பேர் பணம் எங்கே போனது என்று கேட்டால், எல்லாம் என் முடிவு, அவருக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிடு. இரண்டு பேரும் உள்ளே போனால் சந்தியாவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று யோசி. நீ பெண், சர்க்கரை நோயாளி, இது முதல் கேஸ். அடுத்த மாதமே வெளியே வந்துவிடலாம் என்று வக்கீல் சொல்கிறார்.

மாத்திரையும் இரண்டு நைட்டியும் அனுப்பியிருக்கிறேன். நைட்டி கிருஷ்ணவேணி அக்கா எடுத்தது. அளவு பெரிதாக இருந்தால் பொறுத்துக்கொள்.

பாண்டியன்

•

பெண்கள் சிறை
13.6.2025

சந்தியா அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நீங்கள் வரவில்லை என்று எனக்குக் கோபமில்லை. இந்த இடத்தில் உங்களை நிற்கவைக்க எனக்கும் மனம் வராது.

இங்கே மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவில் நேரம் போவதில்லை. அந்த நேரத்தில் அந்த ஜனவரி கிராமசபைக் கூட்டம்தான் நினைவுக்கு வருகிறது. உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை. முனிசாமி அண்ணன் எழுந்து, "ஏறும்போது கம்பி கையோட வருதுமா. மூணு மாசமா ஆபீஸ்ல சொல்லிக்கினு இருக்கேன். இனிமே நான் ஏற மாட்டேன்" என்றார். நான் மைக்கில், "இந்த வருஷ மானியத்துல முதல் வேலை தொட்டிதான்" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். தலைவராகி மூன்று வருஷத்தில் நானாக யோசித்துப் பேசிய ஒரே வாக்கியம் அது. மற்றதெல்லாம் நீங்கள் எழுதிக் கொடுத்துப் படித்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் என்ன சொன்னீர்கள்? "தொட்டிய யாரு பாக்கப் போறாங்க? வளைவு கட்டினா நூறு வருஷம் அப்பா பேரு நிக்கும்." தொட்டிக்கு வந்த பணத்தில் ஊர் முகப்பில் மாமனார் பெயரில் வளைவு எழும்பியது. தொட்டிக்குப் பெயிண்ட் மட்டும் அடித்தார்கள். ஏணிக்கும் பச்சைப் பெயிண்ட். பிறகு சான்றில் கையெழுத்துக் கேட்டீர்கள். ஏணியை மாற்றினார்களா என்று நான் கேட்டேன். நீங்கள் என் கையில் பேனாவைத் திணித்தீர்கள். போட்டுவிட்டேன்.

குத்திக்காட்டுவதற்காக இதை எழுதவில்லை. நீங்கள் சொன்னபடியே போலீசிடம் சொல்லிவிடுகிறேன். சந்தியாவுக்காக.

இரண்டு விஷயம் கேட்கிறேன். முனிசாமி அண்ணன் வேலையை அவர் மனைவி தில்லையம்மாளுக்குப் போட்டுக்கொடுங்கள். பிள்ளையார்பாளையத்துக்கு நடந்து போய்ப் பட்டுநூல் இழைத்துத்தான் அவள் பிழைக்கிறாள், அது ஒரு ஆளுக்கே போதாது. இரண்டாவது, இதோடு சந்தியாவுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். அவளிடம் கொடுத்து, இரண்டு வரியாவது எழுதச் சொல்லுங்கள்.

துளசி

•

குயிலம்பாக்கம்
21.6.2025

துளசிக்கு,

நீ சொன்னதெல்லாம் போலீஸ் ரெக்கார்டில் ஏறிவிட்டது. இன்ஸ்பெக்டரே வக்கீலிடம், "அந்தம்மா தெளிவா பேசுதுபா" என்றாராம். உன்னை முட்டாள் என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். இந்த ஒரு தடவை இல்லை.

வளைவு வேலை முடிந்தது. ஓரிக்கை ரோட்டிலிருந்து திரும்பும்போதே அப்பா பெயர் தெரிகிறது. திறப்பு விழாவைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன். இப்போது வைத்தால் பேசுவார்கள்.

தில்லையம்மாளைப் பற்றி எழுதியிருந்தாய். அவளுக்கு வேலை கிடையாது. கொடி பிடிப்பவர்களோடு சேர்ந்து கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துகொண்டு, என் பெயரையும் மனுவில் சேர்த்திருக்கிறாள். தொட்டியைப் பூட்டிவிட்டதால் ஊருக்கு லாரித் தண்ணீர்தான் போகிறது. அவள் தெருவுக்குப் போவதில்லை. லாரி திரும்ப அங்கே இடமில்லை என்று டிரைவர் சொல்கிறான். நானும் வற்புறுத்தவில்லை. மூன்று நாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தால் மனு எழுதும் ஆசை போய்விடும்.

இப்போது முக்கியமான விஷயம். கலெக்டர் உன்னைப் பதவியிலிருந்து நீக்கப் போவதாகத் தகவல். நீக்கினால் விசாரணை, தணிக்கை எல்லாம் கிளறுவார்கள். அதற்கு முன்னால் நீயே ராஜினாமா கொடுத்துவிடு. நம் ஊர் பெண்களுக்கு ஒதுக்கிய இடம். இடைத்தேர்தலில் கிருஷ்ணவேணி அக்காவை நிறுத்தலாம். அதுவரை துணைத்தலைவர் பரமசிவம் பார்த்துக்கொள்வான், நம்ம ஆள்தான். ராஜினாமாக் கடிதத்தை டைப் அடித்து அனுப்பியிருக்கிறேன். பென்சிலால் புள்ளி வைத்த இடத்தில் கையெழுத்துப் போடு.

சந்தியா காலேஜ் அப்ளிகேஷன் வேலையில் இருக்கிறாள். எழுத நேரமில்லை என்றாள்.

பாண்டியன்

•

பெண்கள் சிறை
30.6.2025

சந்தியா அப்பாவுக்கு,

ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

காரணம் சொல்கிறேன். இங்கே வியாழக்கிழமைகளில் இலவசச் சட்ட உதவிக்காக ஒரு வக்கீல் பெண் வருகிறாள். நௌஷீன் என்று பெயர், காஞ்சிபுரம் டவுன்தான். யார் யாருக்கு உதவி வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்தவளிடம், எனக்கு வக்கீல் இருக்கிறார், என் கணவர் வைத்திருக்கிறார் என்றேன். "உங்க வக்கீலா, அவர் வக்கீலாம்மா?" என்று கேட்டாள்.

ஊராட்சித் தலைவருக்கு என்னென்ன அதிகாரம் என்று அவளிடம் கேட்டேன். ஒரு மணி நேரம் சொன்னாள். நான் கையெழுத்துப் போடாமல் ஒரு பைசாகூட வெளியே போயிருக்க முடியாதாம். கூட்டத்தில் நான் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அந்த வளைவுக்கு ஒரு செங்கல் வந்திருக்காதாம். மூன்று வருஷம் அந்த ஆபீசில் உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அந்த நாற்காலி என்னுடையது என்று ஜெயிலுக்கு வந்துதான் தெரிந்துகொண்டேன்.

தில்லையம்மாள் தெருவுக்குத் தண்ணீர் விடுங்கள். முப்பத்தெட்டு வீடு இருக்கிறது, பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் போகிறது என்று தீபிகா வந்து சொல்லட்டும், அடுத்த நாளே ராஜினாமாவில் கையெழுத்துப் போடுகிறேன். இப்போது என்னிடம் இருப்பது இந்தக் கையெழுத்து ஒன்றுதான். சும்மா கொடுக்க மாட்டேன்.

இதோடு சந்தியாவுக்கு இன்னொரு கடிதம் வைத்திருக்கிறேன், நடுவில் தீபிகாவிடம் கொடுத்ததோடு சேர்த்து இது மூன்றாவது. பத்து நிமிஷம் கூடவா அவளுக்கு நேரமில்லை? அவளை ஒரு தடவை அனுப்பி வையுங்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போகட்டும்.

துளசி

•

குயிலம்பாக்கம்
4.7.2025

துளசி,

எனக்கே நிபந்தனை போடுகிறாயா?

பன்னிரண்டாவதோடு வீட்டில் கிடந்தவளுக்கு நோட்டீஸ் அடித்து, மாலை போட்டு, வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போய்க் கும்பிடவைத்து ஜெயிக்கவைத்தவன் நான். உன் முகத்துக்கு எவனும் ஓட்டுப் போடவில்லை. கொடியேற்றும்போது கயிற்றைக்கூட எந்தப் பக்கம் இழுக்கவேண்டும் என்று உனக்கு நான்தான் சொல்லித்தர வேண்டியிருந்தது. நாற்காலி உன்னுடையதா? வந்து உட்கார்ந்து பார்.

இனி தெளிவாகவே சொல்கிறேன். தண்ணீர் லாரி அந்தத் தெருவுக்குப் போகாது. நீ கேட்டதனாலேயே போகாது.

சந்தியாவைப் பற்றிக் கேட்டாயே, உண்மையைத் தெரிந்துகொள். அவளுக்கு நேரம் நிறைய இருக்கிறது. உனக்கு எழுத விருப்பமில்லை. முனிசாமியின் சாவுக்குக் காரணம் நீதான், தொட்டிப் பணத்தில் கமிஷன் வாங்கிக்கொண்டு உன் அம்மா வீட்டுக்குத் தென்னேரியில் மாடி எடுத்துக் கொடுத்தாய் என்று நான்தான் அவளிடம் சொன்னேன். நம்பினாள். போலீசில் நீ சொன்னதை வக்கீல் காப்பி எடுத்துக் கொடுத்தார், அதையும் படிக்கக் கொடுத்தேன். அம்மா வாயாலேயே சொன்னது, பிறகு நம்பாமல் என்ன செய்வாள்? இரண்டு நாள் சாப்பிடவில்லை. இப்போது உன் பெயரை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள்.

ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் அவளிடம் வேறு மாதிரி பேசிப் பார்க்கிறேன். இல்லையென்றால் நீ வெளியே வரும் நாளில் உன்னை அம்மா என்று கூப்பிட யாரும் இருக்கமாட்டார்கள். ஜாமீனுக்கு இனி திருஞானசம்பந்தம் சாரும் வரமாட்டார். உன் இலவச வக்கீலை வைத்துக்கொள்.

கடிதம் இன்னொரு காப்பி அனுப்பியிருக்கிறேன். பென்சில் புள்ளி அதே இடத்தில்.

பாண்டியன்

•

பெண்கள் சிறை
25.7.2025

சந்தியா அப்பாவுக்கு,

இதைத் தபாலில் போடுகிறேன். தீபிகா இப்போது வருவதில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். பேனாகூட வாங்கி வைத்தேன். சந்தியாவுக்காக எதையும் கொடுத்திருப்பேன். மறுநாள் காலையில் என்னைப் பார்க்க ஆள் வந்திருப்பதாகச் சொன்னார்கள். அவள்தான் என்று ஓடினேன். தில்லையம்மாள் நின்றிருந்தாள்.

பஸ் மாறி மாறி வந்ததில் அவளுக்குக் கால் வீங்கியிருந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எல்லாம் அவர் செய்தது, எனக்கு எதுவும் தெரியாது, என் கையைப் பிடித்துப் போடவைத்தார் என்றேன்.

பிறகு சொன்னாள். "உன் வூட்டுக்காரன் என்னா ஆளுன்னு ஊருக்கே தெரியும்மா. அவன்கிட்ட நாங்க யாரும் கேக்கல. உன்கிட்டதான் கேட்டோம். ஜனவரியிலருந்து அவரு மேல ஏறவே இல்ல. மேஸ்திரி வந்து வேலை முடிஞ்சுது, ஏறுன்னாரு. அப்பவும் ஏறல. நேரா ஆபீசுக்குப் போயி, தலைவரம்மா கையெழுத்து போட்டுட்டாங்களான்னு கேட்டாரு. பேப்பரக் காட்டினாங்க. வூட்டுக்கு வந்து என்னா சொன்னாருன்னு தெரியுமா உனக்கு? அந்தம்மா போட்டிருக்காங்கன்னா சரி பண்ணியிருப்பாங்க தில்லை, அவங்க பொய் சொல்ல மாட்டாங்க."

மன்னித்துவிடு என்று கேட்டேன். "அதுக்கு வரல" என்றாள். "இத உன்கிட்ட சொல்லணும்னு வந்தேன். சொல்லிட்டேன்." நேரம் முடிவதற்கு முன்பே போய்விட்டாள். தண்ணீரைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏணியும் பச்சைப் பெயிண்டும் அவரை ஏமாற்றவில்லை. என் பெயர்தான் ஏமாற்றியது. இது உங்களுக்குப் புரியாது. உங்கள் பெயரை நம்பி எவரும் ஒரு படிகூட ஏறமாட்டார்கள்.

இன்று காலை மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுத்தேன். நௌஷீன் மனு போட்டு ஏற்பாடு செய்தாள். கம்பி பெயர்ந்து வருவது உங்களுக்குத் தெரியும் என்றும், எனக்கும் தெரியும் என்றும் சொன்னேன். மாஜிஸ்திரேட் பேனாவை நிறுத்தி, இரண்டாவது சொன்னதைத் திரும்பக் கேட்டார். இதனால் உங்களுக்கே தண்டனை கிடைக்கலாம், தெரிகிறதா என்றார். தெரியும் என்றேன். நீங்கள் எழுதிய மூன்று கடிதங்களையும் கொடுத்துவிட்டேன். போலீசில் என்ன சொல்லவேண்டும் என்று நீங்கள் எழுதியது, தண்ணீரைப் பற்றி எழுதியது, எல்லாம் உங்கள் கையெழுத்திலேயே இருக்கிறது. இந்தக் கடிதம் வருவதற்கு முன் போலீஸ் வந்துவிடும்.

போன வாரம் கலெக்டருக்கும் தலைவர் என்ற முறையில் ஒரு கடிதம் எழுதினேன். அந்தத் தெருவுக்கு லாரி விடச்சொல்லி. நானாகவே எழுதி, நானாகவே கையெழுத்துப் போட்ட முதல் கடிதம் அது. அடுத்த நாளே என்னை நீக்கிய உத்தரவு வந்துவிட்டது. லாரி போனதா என்று தெரியவில்லை.

துளசி

•

கிளைச்சிறை
18.8.2025

அன்புள்ள துளசிக்கு,

இந்தக் கடிதத்தை இங்கே இருக்கும் அதிகாரி படித்த பிறகுதான் உனக்கு அனுப்புவார்கள். எனவே மனதில் உள்ளதைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

நலமாக இருக்கிறேன். முதுகு வலி மட்டும் இருக்கிறது. உன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. முன்பு எழுதிய கடிதங்களில் ஏதாவது தவறான அர்த்தம் வரும்படி எழுதியிருந்தால், அது மன உளைச்சலில் எழுதியது. பத்தொன்பது வருஷம் வாழ்ந்தோம். உனக்கு நான் ஒரு குறை வைத்ததில்லை என்று உனக்கே தெரியும்.

பரமசிவம் மாறிவிட்டான். வளைவில் இருந்த அப்பா பெயரை அவனே ஆள் விட்டுச் சிமெண்ட் பூசி மறைத்துவிட்டானாம். இடைத்தேர்தலில் அவன் மனைவி நிற்கிறாள். கிருஷ்ணவேணி அக்கா ஒரு தடவை வந்தாள், பிறகு வரவில்லை. எனக்காகப் போன் போட்டால் ஊரில் எடுக்க ஒருவருமில்லை என்று வக்கீல் சொல்கிறார். அவருமே இப்போது ஜூனியரைத்தான் அனுப்புகிறார்.

எல்லாவற்றையும்விடச் சந்தியாவைப் பற்றித்தான் கவலை. வயதுக்கு வந்த பெண். அக்கா வீட்டில் விட்டிருந்தேன். அங்கே இல்லை என்கிறார்கள். எங்கே போனாள் என்று கேட்டால் அக்கா மழுப்புகிறாள். ஒரு தகப்பன் இந்த நிலையில் எப்படித் தூங்குவான் என்று யோசித்துப் பார்.

மிரட்டி வாங்கிய வாக்குமூலம், உடல்நிலை சரியில்லாதபோது கொடுத்தது என்று நீ ஒரு மனு போட்டால் போதும். நான் வெளியே வந்து அவளைத் தேடிக் கண்டுபிடித்துவிடுவேன். அவளிடம் உன்னைப் பற்றி நல்லவிதமாகச் சொல்வேன். இருவரும் உள்ளே இருந்தால் அவள் கதி என்ன? நம் பெண்ணுக்காகக் கேட்கிறேன். உன் காலைப் பிடித்துக் கேட்பதாக வைத்துக்கொள்.

உன்
பாண்டியன்

•

பெண்கள் சிறை
2.9.2025

சந்தியா அப்பாவுக்கு,

வாக்குமூலத்தை நான் திரும்பப் பெறப்போவதில்லை.

சந்தியா போன சனிக்கு முந்தின சனிக்கிழமை இங்கே வந்தாள்.

நீங்கள் உள்ளே போன பிறகு கிருஷ்ணவேணி அண்ணி பத்திரம் எதையோ தேடுவதற்காக உங்கள் பீரோவைத் திறந்திருக்கிறார்கள். கூட இருந்த சந்தியாவும் உள்ளே பார்த்திருக்கிறாள். உங்கள் வேட்டிகளுக்கு அடியில் நான் அவளுக்கு எழுதிய மூன்று கடிதமும் இருந்தன. முதல் கடிதத்தை மட்டும் பிரித்திருந்தீர்களாம். மற்ற இரண்டையும் படிக்கக்கூட இல்லையாம். நீங்கள் சொன்னதெல்லாம் பொய் என்று தெரிந்ததும் அன்றைக்கே அண்ணி வீட்டைவிட்டு வந்துவிட்டாள்.

அந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டுதான் வந்தாள். மெலிந்திருந்தாள். முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருந்தாள். "அம்மா" என்றாள். மூன்று மாதம் கழித்து அந்த வார்த்தையைக் கேட்டேன். தப்பாக நினைத்துவிட்டேன், அப்பா பேச்சை நம்பிவிட்டேன் என்று அழுதாள். உன்னை வெளியே எடுக்கிறேன், பார்ட் டைமில் வேலைக்குப் போகிறேன், வாடகைக்கு ஒரு ரூம் எடுக்கலாம் என்றாள். என்ன மளிகை வாங்குவது என்பது வரை யோசித்து வைத்திருந்தாள்.

பேசாமல் இருந்திருக்கலாம். அந்தக் கடிதங்கள் மூன்றிலும் நான் என்ன எழுதியிருந்தேன் தெரியுமா? அம்மாவுக்கு எதுவும் தெரியாது, அம்மா ஒரு தப்பும் செய்யவில்லை கண்ணு, உன்மேல் சத்தியம் என்று எழுதியிருந்தேன். மூன்றிலும் அதேதான். அவள் அதை நம்பி வந்து நின்றாள்.

மாஜிஸ்திரேட்டிடம் சொன்னதை அவளிடமும் சொன்னேன். கோர்ட்டில் எப்படியும் தெரிந்துவிடும், வேறொருவர் வாயால் தெரியவேண்டாம் என்று நினைத்தேன்.

அழுகையை நிறுத்தினாள். "கம்பி விஷயம் உனக்கு எப்போ தெரியும்?" என்று கேட்டாள்.

ஜனவரியில் என்றேன்.

"கையெழுத்து?"

மார்ச்சில்.

"மாமா எப்போ விழுந்தாரு?"

அவளுக்குத் தெரியாததா அது? இருந்தும் என் வாயால் சொல்லவைத்தாள். மே என்றேன். அவள் சின்ன வயதில் முனிசாமி அண்ணன் தோளில் உட்கார்ந்துதான் தேர் பார்ப்பாள். மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"அப்போ மார்ச்சிலருந்து மே வரைக்கும் டெய்லி எனக்கு சாப்பாடு போட்டுக்கினு இருந்தியே, அப்போ எல்லாம் தெரிஞ்சுக்கினுதான் இருந்தியா?"

ஆமாம் என்றேன்.

"என்மேல சத்தியம்னு எழுதியிருக்க."

கடிதங்களைக் கம்பி இடுக்கில் ஒவ்வொன்றாகச் சொருகிவிட்டுப் போனாள். வேகமாகக்கூட நடக்கவில்லை. வாசலில் காவலர் நீட்டிய நோட்டில் நின்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

அவள் எங்கே இருக்கிறாள் என்று கேட்டிருந்தீர்கள். நௌஷீனுக்குத் தெரியும். என் கேஸைப் பற்றிக் கேட்கப் போனவளுக்கு ஏதோ ஹாஸ்டலில் சேர அவள்தான் உதவியிருக்கிறாள். போன வியாழக்கிழமை கேட்டேன். ஃபைலை மூடி வைத்தாள். பிறகு, வக்கீலிடம் ஒருவர் நம்பிச் சொன்னதை வெளியே சொல்லக்கூடாதும்மா என்றாள்.

உங்களிடம் சொல்லக்கூடாது என்று சந்தியா சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. என்னிடமும் சொல்லக்கூடாது என்றாளாம்.

துளசி